அஞ்சலை என்றொரு காளான்

பக்கத்தில் நிற்பவனை வெட்கத்தால் தலைகுனிய வைப்பதில் எங்கள் காளான் டிரஸருக்கு ஈடான ஒருவர் ஜொகூர் மாநிலத்தில் பிறந்ததும் இல்லை, கப்பலேறி வந்ததும் இல்லை. இதை நான் அடித்துச் சொல்வேன். ஜப்பான்காரன் ஆண்ட காலம் முழுவதும் அவர் பக்கத்தில் நின்றவன் நான்தான். என் கழுத்து சற்று முன்னால் வளைந்திருப்பதற்கு வயதுதான் காரணம் என்று டாக்டர் சொல்கிறார். யார் காரணம் என்று எனக்குத் தெரியும்.

ரெங்கத்துக்கும் பாலோவுக்கும் நடுவில் ஒரு ரப்பர்த் தோட்டம். அங்கே நான் சின்னக் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தாக்களில் கடைசி. அவர் தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரஸர். புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டுவதுதான் டிரஸர் வேலை என்றாலும், டாக்டர் இல்லாத நாளில் அவர்தான் டாக்டர். டாக்டர் என்று ஒரு வெள்ளைக்காரர் அவ்வப்போது காரில் வந்துகொண்டிருந்தார். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் அவர் சிங்கப்பூர்ப் பக்கம் ஓடிவிட்டார். ஓடுகிற அவசரத்தில் ஒரு தொப்பியையும், சில காலி பாட்டில்களையும், ஒரு பித்தளை மைக்ராஸ்கோப்பையும் விட்டுவிட்டுப் போனார். தொப்பியை எலி தின்றது. பாட்டில்களை லயத்து ஜனங்கள், அதாவது வரிசை வீடுகளில் குடியிருந்த தொழிலாளிகள், எண்ணெய் ஊற்ற எடுத்துக்கொண்டார்கள். மைக்ராஸ்கோப்பை டிரஸர் எடுத்துக்கொண்டார். அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி.

அந்த மைக்ராஸ்கோப் காய்ச்சல்காரர்களின் ரத்தத்தில் மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வந்தது. கிருமி கண்ணில் படுவதற்கு ஒரு சாயம் வேண்டும். சாயம் தீர்ந்துவிட்டது. கிருமி கண்ணில் பட்டாலும் கொடுக்க கொயினா மாத்திரை இல்லை. அதனால் மைக்ராஸ்கோப் சும்மா கிடந்தது. டிரஸரும் சும்மா கிடந்தார். இரண்டும் சும்மா கிடந்தவரை தோட்டம் நிம்மதியாக இருந்தது.

பசி காலம் அது. வேலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் அளந்து கொஞ்சம் அரிசி. மற்றபடி காலையில் மரவள்ளிக் கிழங்கு, மத்தியானம் அதே கிழங்கு, ராத்திரி காலையில் மிஞ்சிய கிழங்கு. மழை பெய்துவிட்டால் வெட்டிப் போட்ட ரப்பர் மரங்களின் மேலும் காட்டோரத்திலும் விதவிதமாகக் காளான் முளைக்கும். ஜனங்கள் கண்ணை மூடிக்கொண்டு பறித்துத் தின்ன ஆரம்பித்தார்கள். ஒரு குடும்பம் முழுவதும் வாந்தியும் பேதியுமாக ஆஸ்பத்திரியில் வந்து விழுந்தது. டிரஸரிடம் இருந்த ஒரே மருந்து உப்புத் தண்ணீர். பெரியவர்கள் எழுந்துவிட்டார்கள். அந்த வீட்டுச் சின்னப் பெண் எழவில்லை. மறுநாள் டிரஸர் மைக்ராஸ்கோப்பைத் துடைத்து மேசைமேல் வைத்தார்.

அவர் முறை இதுதான். காளானின் குடையைக் கழற்றி ஒரு கண்ணாடித் துண்டின் மேல் கவிழ்த்து வைப்பார். விடிவதற்குள் குடையின் அடி மடிப்புகளிலிருந்து மாவு போலத் தூள் உதிர்ந்திருக்கும். அதுதான் காளானுக்கு விதை. ஒவ்வொரு காளானுக்கும் அந்த விதையின் உருவம் வேறு. ஜனங்கள் காலங்காலமாகத் தின்று பிழைத்திருக்கிற காளான்களின் தூளையெல்லாம் அவர் முதலில் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டார். புதிதாக வருகிற காளானின் தூள் அவற்றில் ஒன்றோடு ஒத்துப்போனால் தின்னலாம். ஒத்துப்போகாவிட்டால் விஷம். கேட்பதற்கு ரொம்ப நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் அவரும் ஒரே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம் என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள். நான் சாப்பிடும் தட்டில் ஒரு குடை கவிழ்ந்திருக்கும். தண்ணீர்க் குவளையைத் தூக்கினால் அடியில் ஒரு குடை. தலையணையை மட்டும் நான் சண்டை போட்டுக் காப்பாற்றினேன்.

அத்தோடு விட்டாரா. காளான் சமைக்கிற வாசனை வந்தால் எந்த வீடு என்று பார்க்க மாட்டார், நேரே உள்ளே போய் மூடியைத் தூக்குவார். ஒரு கல்யாண வீட்டில் பந்தி நடுவே புகுந்து மாப்பிள்ளை இலையிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளி மோந்து பார்த்தார். பிறகு என்னைச் சுட்டிக்காட்டி, "நானும் தம்பியும் ஆஸ்பத்திரியிலேருந்து வர்றோம்" என்றார். நான் மொய் வைக்கப் போனவன். மொய்யை வைக்காமலே வந்துவிட்டேன்.

இதற்கெல்லாம் சிகரமான ஒன்றைச் சொல்கிறேன். தோட்டத்தை மேற்பார்க்க ஒரு ஜப்பான் அதிகாரி வருவார். அவர் வந்தால் விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற கூட்டத்தில், எல்லோரும் வரிசையாக நின்று இடுப்பை வளைத்துக் குனிந்து நிமிர வேண்டும். ஒருநாள் குனிந்தோம், நிமிர்ந்தோம். டிரஸர் நிமிரவில்லை. அதிகாரியின் பூட்ஸ் பக்கத்தில் சுண்டு விரல் அளவுக்கு ஒரு காளான். டிரஸர் குனிந்தபடியே இரண்டு எட்டு முன்னால் போய், மண்டியிட்டு, அதைப் பக்குவமாகப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிறகு சாவகாசமாக எழுந்தார். இதோ கத்தி வெளியே வரப்போகிறது என்று நினைத்தேன். அதிகாரி காளானைக் கவனிக்கவில்லை. இவ்வளவு தாழ்வாக இதுவரை யாரும் தன்னை வணங்கியதில்லை என்று அவருக்குச் சந்தோஷம். டிரஸருக்கு ஒரு சிகரெட் கொடுத்தார். மற்றவர்களும் இனி இவரைப் போலத்தான் வணங்க வேண்டும் என்று உத்தரவும் போட்டார். அன்றிலிருந்து தோட்டமே மண்டியிட்டது. கிழவர்கள் எழுந்திருக்க முடியாமல் முனகும்போதெல்லாம் டிரஸரைத் திட்டினார்கள். பக்கத்தில் இருந்ததால் என்னையும் சேர்த்துத் திட்டினார்கள்.

இனிப் பெயர் விஷயத்துக்கு வருகிறேன். டிரஸரிடம் காளான் புத்தகம் எதுவும் கிடையாது. புதுசு புதுசாக வருகிற காளான்களுக்குப் பெயர் வேண்டுமே.

"கண்டுபிடிச்சவங்க பேரத்தான் தம்பி வெக்கணும். சீமையில அப்படித்தான் பழக்கம். டாக்டரு சொல்லியிருக்காரு. பேரு வெக்கிறது ஒரு கௌரவம்."

கௌரவம் கொடிகட்டிப் பறந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற முனியன் ஒரு நல்ல காளானைக் கொண்டுவந்தான். அது முனியன் ஆனது. லயத்துப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி, "இன்னிக்கி என்ன கொழம்பு?" என்று கேட்பார்கள். "முனியன்தான், வேற என்ன. நல்லா வதக்கிட்டேன்" என்று பதில் வரும். முனியனின் மனைவி கொஞ்ச நாள் கிணற்றடிக்கே வரவில்லை. எங்கள் ஆபீஸ் தலைவர் பெரிய கிராணி ஒரு காளானைக் கண்டெடுத்தார். அதைப் பற்றி டிரஸர் ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஊர் கேட்க விளக்கம் சொன்னார்.

"பெரிய கிராணிய மொதல்ல தண்ணியில கொதிக்க வெக்கணும். அந்தத் தண்ணிய அப்படியே கொட்டிடணும். இல்லாட்டி வயித்தக் கலக்கும்."

பெரிய கிராணி எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அந்த மாதம் முழுக்க எனக்கு ஆபீசில் நல்ல பேச்சு கிடைக்கவில்லை. ஆசை யாரை விட்டது, நானும் ஒரு காளானைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். டிரஸர் மறுநாள் தூளைப் பார்த்துவிட்டு, "சின்னக் கிராணி. வெஷம் இல்ல. ருசியும் இல்ல. தின்னாலும் ஒண்ணுதான், தின்னாட்டியும் ஒண்ணுதான்" என்றார். கிணற்றடியில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம்.

இப்படிச் சிரிப்பும் வெட்கமுமாகப் போய்க்கொண்டிருந்த கதையில்தான் அஞ்சலை வந்தாள்.

அஞ்சலையின் புருஷனை ஜப்பான்காரர்கள் சயாம் ரயில் பாதை போடுகிற வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கைக்குழந்தையும் இன்னும் இரண்டு பிள்ளைகளும். அவள் ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தாள். பால் வெட்டப் போகிற பெண்கள் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற கொட்டகை அது. பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சி ஊற்றுவது அஞ்சலை. வேலை இருக்கிறவர்களுக்குத்தான் அரிசி என்று சொன்னேன் அல்லவா. அந்தக் கஞ்சிக் கரண்டி கையில் இருக்கும்வரைதான் அவள் வீட்டில் அரிசி.

ஒரு மழை நாள் காலையில் அவள் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, முந்தானையால் மூடி, ஓரமாகப் போய்க்கொண்டிருந்தாள். டிரஸர் வழியில் நின்றார். நான் அவர் பக்கத்தில்.

"அஞ்சல, கூடையில என்ன?"

"ஒண்ணுமில்லீங்கய்யா. கீர."

"கீரைக்கு ஏதும்மா கொட?"

முந்தானையைத் தாண்டி ஒரு குடை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரிய காளான், சாம்பலும் வெள்ளையுமாக, உச்சியில் மட்டும் மஞ்சள். எங்கே பறித்தாய் என்று டிரஸர் கேட்டார். அவள் தரையைப் பார்த்தாள்.

"அந்தா, காட்டோரமா."

டிரஸர் கூடையோடு வாங்கிக்கொண்டார். அன்று எங்கள் குவார்ட்டர்ஸில் கால் வைக்க இடமில்லை. மறுநாள் காலையில், நான் முகம் கழுவுவதற்கு முன்னாலேயே கையைப் பிடித்து இழுத்தார்.

"தம்பி, இங்க வந்து பாரு."

பார்த்தேன். மைக்ராஸ்கோப்பில் எனக்கு எப்போதும் தெரிவது என் கண் இமை மயிர்தான். அதுதான் தெரிந்தது.

"முட்ட முட்டையா கெடக்கு பாத்தியா? ஒரு பக்கம் மட்டும் கூரா. இவ்வளவு பெரிய வெதய நான் பாத்ததே இல்ல. சின்னச் சின்னதா வேற என்னமோ கெடக்கு. அது தூசி. இந்த உருவம் நம்மகிட்ட இல்ல தம்பி. அப்ப இது வெஷம்."

"சரிண்ணே."

"பேரு அஞ்சல."

"வேணாம்ண்ணே. பொம்பள பேரு. வெஷத்துக்கு வெக்கலாமா?"

"முனியனுக்கு ஒரு சட்டம், அஞ்சலைக்கு ஒரு சட்டமா?"

அவர் மனதில் கடுகளவும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் அவரிடம் இருந்த பெரிய தொல்லை. காளான்களையெல்லாம் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, லயம் லயமாகப் போய் எச்சரித்தார். "அஞ்சலையத் தொடாதீங்க. அஞ்சல தின்னா ஆளு காலி." பிள்ளைகள் அதைப் பாட்டாகவே பாடினார்கள். அஞ்சலையின் பிள்ளைகளைப் பார்த்துத்தான் பாடினார்கள். பெரியவர்கள் அதட்டவில்லை, சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அந்த வாரம் கொட்டகையில் ஒரு பிள்ளைக்கு வயிற்று வலி. வேகாத கிழங்கைத் தின்றிருக்கிறது. ஆனால் அதன் தாய், "அஞ்சல கைக் கஞ்சி" என்று சொல்லிவிட்டு ஒரு மாதிரி நிறுத்தினாள். அவ்வளவுதான். மறுநாள் பாதிப் பிள்ளைகள் கொட்டகைக்கு வரவில்லை. பெண்கள் மரத்தடியில் பிள்ளையைக் கிடத்திக்கொண்டு பால் வெட்டினார்கள். ஆட்களுக்கு வேலை பிரிக்கிற கங்காணி அஞ்சலையைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கி நீ கொட்டாய்க்கிப் போவாத. சனம் பயப்படுது" என்றார். கரண்டி கை மாறியது. அரிசி நின்றது.

அவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கைக்குழந்தை இடுப்பில்.

"ஐயா, பேர மாத்திடுங்க."

"அது கௌரவம்மா. சீமையில எல்லாம்..."

"சீமையில எனக்கு யாரு அரிசி அளக்கறாங்க?"

அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டு போய்விட்டாள். பெயரை மாற்றலாமே அண்ணே என்று நான் மெதுவாகச் சொன்னேன். "பேர மாத்திட்டா வெஷம் மாறிடுமா? எவனாச்சும் புதுக் காளான்னு நெனச்சுத் தின்னுட்டா?" என்றார். அவர் கண்ணில் இன்னமும் அந்தச் சின்னப் பெண் படுத்திருந்தாள் என்று எனக்குத் தெரிந்தது. அதனால் சண்டை போடவும் முடியவில்லை.

இந்தச் சமயத்தில் கங்காணியின் காலில் ஒரு புண். ஆறாமல் நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டே போனது. மருந்து கிடையாது. டிரஸர் தினமும் காலையில் பச்சை மஞ்சளை அரைத்து, வேப்பிலையோடு சேர்த்துப் பூசிக் கட்டுவார். ஒருநாள் மத்தியானம் கட்டைப் பிரித்தவருக்கு என்ன தோன்றியதோ, புண்ணின் ஓரத்திலிருந்து கொஞ்சம் வழித்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். ஆபீஸ் காகிதம் ஒன்றில் கையெழுத்து வாங்கப் போன நான் அங்கே நின்றேன்.

டிரஸரின் முதுகு விறைத்தது.

"கங்காணியாரே, பயப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"ஒங்க கால்ல அஞ்சல மொளைக்கிது."

கங்காணி காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நான் அவள வேலய விட்டு நிறுத்துனதுக்கா?" என்றார்.

"காளானச் சொல்றேன். அதே வெத. முட்ட முட்டையா, ஒரு பக்கம் கூரா. வேர் விட்டிருச்சின்னா முழங்காலுக்குக் கீழ எடுத்துற வேண்டியதுதான்."

"அலாமாக், ஐயோ" என்று கங்காணி காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டார். "எடுக்கறதுன்னா மஞ்சளக் கழுவிட்டாச்சும் ஒரு தடவ நல்லாப் பாத்து எடுங்கய்யா. காலைலதான் அப்பு அப்புன்னு அப்பிவிட்டீங்க."

எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. டிரஸருக்குப் புரிந்துவிட்டது. அம்மியிலிருந்து ஒரு துளி மஞ்சளை நகத்தால் கிள்ளி, புதுக் கண்ணாடியில் தடவி, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். வைத்த கண்ணை எடுக்கவில்லை. அன்று காளான் விதை என்று அவர் நினைத்த முட்டைகள் மஞ்சளின் மாவுத்தூள்; தூசி என்று தள்ளியதுதான் நிஜ விதை. கங்காணி இரண்டு முறை இருமினார். கண்ணை எடுத்தால் எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அதற்காகத்தான் அவர் அப்படியே குனிந்திருந்தார். அவர் காது சிவந்து, பிடரி சிவந்து, சட்டைக் காலருக்குள்ளே சிவப்பு இறங்கியதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சாயங்காலம் அஞ்சலை வீட்டுக்குப் போனார். நானும் போனேன். காளானில் மஞ்சள் எப்படி வந்தது என்று கேட்டார். அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்.

"அது காட்டோரம் இல்லீங்கய்யா. அம்மன் புத்து."

தோட்டத்து எல்லையில் ஒரு கரையான் புற்று உண்டு. நாகம்மா என்று ஜனங்கள் கும்பிடுகிற இடம். புருஷன் சயாமிலிருந்து திரும்ப வேண்டும் என்று அஞ்சலை வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் அரைத்துக்கொண்டுபோய்ப் பூசிக் கும்பிட்டு வந்திருக்கிறாள். அந்த மஞ்சளைத் துளைத்துக்கொண்டுதான் காளான் முளைத்திருக்கிறது. கூடையில் குடைகள் ஒன்றோடொன்று உரசியதில் அடி மடிப்புகளிலும் அது ஒட்டியிருக்கிறது. புற்றுக் காளான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், லயத்துச் சின்னப் பிள்ளைகூட அது நல்ல காளான் என்று சொல்லியிருக்கும். மைக்ராஸ்கோப்புக்கு வேலையே இருந்திருக்காது.

"சாமி மேல மொளைச்சதப் பறிச்சேன்னு எந்த வாயால சொல்லுவேன்? பிள்ளைக பசி அவளுக்குத் தெரியும், மன்னிச்சிருவா. இந்தச் சனம் மன்னிக்காது. தயவுசெஞ்சு வெளிய சொல்லிறாதீங்க."

டிரஸர் தலையாட்டினார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவளுக்கு அவள் வெட்கம், அவருக்கு அவருடையது. நடுவில் நான் என் பங்குக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பெரட்டில் டிரஸர் முன்னால் போய் நின்றார்.

"அஞ்சலையில வெஷம் இல்ல. நான்தான் தப்பாப் பாத்துட்டேன். கையில மஞ்சள் ஒட்டிக்கிட்டு இருந்திச்சி. கையக் கழுவாம கண்ணாடியத் தொட்டுட்டேன்."

கை கழுவாத டிரஸர். ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவனுக்கு இதைவிடக் கேவலமான பெயர் உண்டா? ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கை கழுவி விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போயிருந்த மனிதர், ஒரு பெண்ணின் ரகசியத்துக்காக அந்தப் பெயரைத் தன் வாயாலேயே தனக்கு வைத்துக்கொண்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"கையக் களுவாத ஆளு பேச்ச நம்பியா எம்புள்ளைக்கி அவ கையால கஞ்சி குடுக்கறது?"

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கங்காணி வழக்கம் போல வேலையைப் பிரித்துக் கொடுத்தார். கரண்டி திரும்ப வரவில்லை.

டிரஸர் இரண்டு நாள் மைக்ராஸ்கோப்பைத் தொடவில்லை. "குடுத்த பேர எப்படித் தம்பி திரும்ப வாங்கறது?" என்று மட்டும் ஒருமுறை கேட்டார். மூன்றாம் நாள் நல்ல மழை. விடிந்தும் விடியாமல் அஞ்சலையைக் கூட்டிக்கொண்டு புற்றுக்குப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். மறுபடியும் முளைத்திருந்தது. அவள் பறித்தாள். அவர் ஓடையில் இறங்கி, உச்சி மஞ்சள் போகும்வரை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினார்.

மத்தியானம் வேலை விட்டு எல்லோரும் லயத்துக்கு வருகிற நேரம். அஞ்சலை வீட்டு வாசலில், கவிழ்த்துப் போட்ட பால் வாளியின் மேல் டிரஸர் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் பார்க்க அஞ்சலை வெளியே அடுப்பு மூட்டி, செம்பனை எண்ணெயில் காளானை வதக்கினாள். கூட்டம் கூடிவிட்டது. முனகிக்கொண்டே கங்காணியும் தடி ஊன்றி வந்தார். எடுத்த எடுப்பில் ஒப்பாரி வைக்கத் தோதாக ஒரு கிழவி முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"இது அஞ்சல" என்றார் டிரஸர், தட்டைக் காட்டி. "இப்ப நான் திங்கப் போறேன். சாயங்காலம் வரைக்கும் இங்கயே ஒக்காந்திருப்பேன். நான் சாகலன்னா நாளைக்கிப் பிள்ளைங்கள கொட்டாய்க்கி அனுப்புங்க."

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் காளான் டிரஸர் பிறந்ததிலிருந்து காளானை நாக்கில் வைத்தவர் அல்லர். சுத்த சைவம். காளானும் அவருக்கு மாமிசம்தான், வாடையே ஆகாது. அடுத்தவர் சட்டியைத் திறக்கும்போதுகூட மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் திறப்பார். லயத்தில் இது யாருக்கும் தெரியாது. கூட இருந்த எனக்குத்தான் தெரியும். அவருக்கு ஓங்கரித்தால் போதும், அஞ்சலை கதை அத்தோடு முடிந்தது.

முதல் துண்டை வாயில் போட்டார். கண் இரண்டும் பிதுங்கின. மென்றார். நெற்றியில் வேர்வை பூத்தது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. தொண்டைக்குழி ஏறியது, இறங்கியது, மறுபடியும் ஏறியது. கண்ணில் தண்ணீர் கட்டியது.

"மொகம் மாறுது பாரு" என்றாள் ஒருத்தி. கிழவி தலைமுடியை அவிழ்த்தாள். அஞ்சலை கரண்டியைப் பிடித்தபடி சிலையாக நின்றாள்.

டிரஸர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி இல்லை, கெஞ்சல் இல்லை, வெறும் குமட்டல்தான். எனக்கு வழக்கம் போல வெட்கம் பிடுங்கித் தின்றது. அங்கிருந்து போய்விடலாம் என்றுதான் காலை எடுத்தேன். எடுத்த கால் எப்படியோ முன்னால் போய்விட்டது. அவர் முகத்தைக் கூட்டத்துக்கு மறைத்தாற்போல எதிரே குந்தி உட்கார்ந்து, தட்டில் கையைவிட்டு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.

"உப்பு பத்தல அஞ்சல" என்றேன். ஊருக்கே கேட்கிறாற்போலச் சொன்னேன்.

நிஜமாகவே ருசியாகத்தான் இருந்தது. இரண்டாவது பிடியை ஆசைப்பட்டே அள்ளினேன். பசியில் கிடந்த கூட்டம், ஒருவன் ரசித்துச் சாப்பிடுவதை எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருக்கும்? முனியன் ஒரு துண்டு கேட்டான். கங்காணி தடியை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். கிழவி முடியை முடிந்துகொண்டு, கையை நீட்டினாள். அஞ்சலை எல்லோருக்கும் பரிமாறினாள். "சாயங்காலம் வரைக்கும் எதுக்கு. நாளைக்கிக் காலைல கொட்டாய்க்கி வந்துரு" என்றார் கங்காணி, வாய் நிறைய.

டிரஸர் மெல்ல எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, எதுவுமே நடக்காதவர் போல ஆஸ்பத்திரியை நோக்கி நடந்தார். நானும் கூட நடந்தேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கால்வாய் வந்ததுதான் தாமதம், சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். சரியாக அதே நேரத்தில், விறகுக் கட்டோடு நாலைந்து பெண்கள் பாதை திரும்பி எங்களை நோக்கி வந்தார்கள். இன்னும் பத்தடி வந்தால் அவர் வாந்தி எடுப்பதைப் பார்த்துவிடுவார்கள். பார்த்தால் இருட்டுவதற்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிடும். நாளைக்குக் கொட்டகையில் ஒரு பிள்ளைகூட இருக்காது.

யோசிக்க நேரமில்லை. இடுப்பில் இருந்த கைலியை அவிழ்த்து, இரண்டு கையாலும் அகல விரித்து, பெண்களுக்கு முதுகைக் காட்டி, அவருக்கு முன்னால் திரை போலப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே இருந்தது மாவுச் சாக்கில் தைத்த அரை நிஜார். அதிலும் பின்பக்கம் பாதிதான் மிச்சம்.

பெண்கள் விறகைக் கீழே போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு திரும்பி ஓடினார்கள். சின்னக் கிராணிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அன்று லயம் முழுக்கப் பேச்சு. எனக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தமும் கை நழுவிப் போயிற்று. டிரஸர் கால்வாயில் வாய் கொப்பளிக்கும் சத்தம் கைலிக்குப் பின்னால் கேட்டது.

"போய்ட்டாங்களா தம்பி?"

"நீங்க நிதானமா வாங்கண்ணே. நான் புடிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.